தொற்றுக் காலத்தில் அரசு அறிவிப்பை நம் மக்களிடம் கொண்டு சேர்ப்பது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சங்க, கோயில் தொண்டர்களுக்கான முழுமையான வழிகாட்டி

டர்பன் வட்டாரத்தில் தமிழ்ச் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ தொண்டு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொள்ளைநோய்க் காலத்தில் அரசு சொல்வதைச் சரிபார்த்து, தமிழில் ஆக்கி, நம் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் வேலை. கொரோனாக் காலத்தில் சாட்ஸ்வொர்த்தில் இதைச் செய்தோம். அதன்பிறகு புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அவர்கள் தடுமாறுவது மருத்துவ விஷயத்தில் அல்ல, வேலையின் வரிசையில். காது கொடுத்துக் கேட்க வேண்டிய நேரத்தில் பேசிவிடுகிறார்கள், சரிபார்க்க வேண்டிய நேரத்தில் அனுப்பிவிடுகிறார்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலமே போதும். தமிழில் தேவைப்படுவது வேறு சிலருக்கு. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்த குருக்கள், நாதசுரக்காரர்கள், கோயில் சிற்பிகள், உணவகச் சமையல்காரர்கள், அவர்கள் குடும்பங்கள். கூடவே, ஆங்கிலம் தெரிந்திருந்தும் பயம் வரும்போது வீட்டு மொழியில் கேட்டால்தான் மனம் சமாதானமாகும் ஆயாக்களும் தாத்தாக்களும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அரசை நம்புங்கள் என்று கேட்டு யாரிடமும் போகாதீர்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பது அரசின் பொறுப்பு. உங்கள் கையில் இருப்பது உங்கள் வார்த்தை மட்டும்தான். அது தெளிவாகவும், தேதியோடும், காரணத்தோடும் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. நோய் வருவதற்கு முன்பே தயாராக வேண்டியவை

நோய் வந்தபின் ஆள் தேடினால் கிடைக்காது, எல்லோரும் அவரவர் வீட்டுக் கவலையில் இருப்பார்கள். அமைதியான நாட்களில் நான்கு பேரைப் பிடித்து வையுங்கள்.

ஒருவர் சட்ட ஆங்கிலத்தைப் பொறுமையாக வாசிக்கக்கூடியவர். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, பள்ளி ஆசிரியர் போதும். இரண்டாமவர் மருத்துவம் தெரிந்தவர். ஓய்வுபெற்ற நர்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். டாக்டர்களுக்குத் தொற்றுக் காலத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. நர்ஸம்மா போன் எடுப்பார், ஊரில் பாதிப்பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்களாகவும் இருப்பார்கள். மூன்றாமவர் தமிழில் எழுதவும் பேசவும் வல்லவர். நான்காமவர் ஜுலு சரளமாகப் பேசுபவர். இவர் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். கிளினிக் வரிசையில் நமக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் ஜுலு பேசுகிறவர்கள். நம் வீடுகளில் வேலை செய்பவர்களும் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களும் அவர்களே. நோய் மொழி பார்த்துப் பரவுவதில்லை. நம் மக்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கும்.

அடுத்தது தொலைபேசிப் பட்டியல். இந்த நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, போப்பியா என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒருவரின் உடல்நிலை பற்றிய தகவலுக்கு அதில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. பெயர், தெரு, எண், எந்த மொழியில் வேண்டும், செய்தியா குரல்பதிவா என்பதை மட்டும் ஒப்புதல் வாங்கி எழுதுங்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு நெஞ்சுவலி என்று எழுதி வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் எழுதிய அந்த நோட்டு ஒருநாள் வேறு கைக்குப் போனால், அந்தத் தெருவில் அதன்பிறகு உங்களுக்குக் கதவு திறக்காது.

மூன்றாவது, பழக்கம். கொள்ளைநோய்க்காகக் காத்திருக்காமல் சின்னச் சின்ன அறிவிப்புகளில் கைப்பழக்கம் பெறுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் குடிநீர் நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும், இந்தத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டுமா என்பதைச் சரியாகச் சொல்லி வந்தவர்களின் பேச்சுக்கு இன்றும் அங்கே மதிப்பு இருக்கிறது.

2. முதலில் கேளுங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போகும் படி இது. கையில் ஒரு சுற்றறிக்கையோடு வீட்டுக்குள் நுழைந்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், நீங்கள் போனபின் காகிதம் குப்பைக்குப் போகும்.

முதல் சந்திப்பில் எதையும் விளக்காதீர்கள். "இதில் உங்களுக்கு எது உறுத்துகிறது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வருகிற பதில்கள் பொதுவாக மூன்று வகையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகை, உடலைப் பற்றிய பயம். "எனக்கு ரத்த அழுத்தம் இருக்கு, ஊசி ஒத்துக்குமா?" இதை நர்ஸம்மாவிடம் விடுங்கள், நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

இரண்டாவது வகை, வாழ்க்கைச் சிக்கல். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை, கிளினிக் போக டாக்ஸிக் காசில்லை, விசா காலாவதி ஆகிவிட்டதால் அரசு அலுவலகம் என்றாலே பயம். இவர்களிடம் நோயைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் பயனில்லை. யார் வண்டியில் கூட்டிப் போவது, அரிசி பருப்பு யார் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தால் போதும்.

மூன்றாவது வகை, அரசு மேல் உள்ள கோபம். இதைத்தான் புதியவர்கள் அறியாமை என்று எடுத்துக்கொண்டு வாதம் செய்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எச்.ஐ.வி பரவிய ஆண்டுகளில் இதே நாட்டின் சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்னார். கருவுற்ற தாய்மாருக்கு நெவிரபின் மருந்து கொடுக்க 2002இல் அரசியல் சட்ட நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கொரோனாவிலும் பார்த்தோம். மக்களுக்கு நோய் பற்றிய செய்தி சொல்வதற்காகவும் கொடுக்கப்பட்ட 15 கோடி ராண்டு ஒப்பந்தமே ஊழல் விசாரணைக்குப் போனது. அந்த விவகாரத்தின் நடுவே, தான் தவறு செய்யவில்லை என்று மறுத்தபடியே, அன்றைய சுகாதார அமைச்சர் 2021 ஆகஸ்டில் பதவி விலகினார். அதே மாதம் 23ஆம் தேதி, கவுடெங் மாகாணச் சுகாதாரத் துறையில் பணமோசடிகளைக் கண்டுபிடித்துச் சொன்ன அதிகாரி பபிதா தேவகரன் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம்மவர் வீடுகளில் அந்தப் பெயரை யாரும் மறக்கவில்லை.

இவ்வளவையும் பார்த்த ஒருவர் "அவங்க சொல்றதை எதுக்கு நம்பணும்?" என்று கேட்டால், "நியாயமான கேள்வி" என்பதுதான் முதல் பதில். அதை மனதார ஒப்புக்கொண்ட பிறகு, "பணத்தைத் திருடியவர் வேறு, இந்த மருந்தைச் சோதித்தவர் வேறு. இரண்டாமவர் என்ன செய்தார் என்று தனியாகப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஊழலை மூடி மறைத்துப் பேசினால் அறிவியலும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். பிரித்துக் காட்டினால் மட்டுமே அடுத்த வார்த்தை காதில் ஏறும்.

மருத்துவமனைப் பயத்தையும் இதே போல மதியுங்கள். 2020 மார்ச், ஏப்ரலில் டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குள்ளேயே கொரோனா பரவி 39 நோயாளிகளுக்கும் 80 ஊழியர்களுக்கும் தொற்றியது, 15 பேர் இறந்தார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அது எந்த வார்டிலிருந்து எந்த வார்டுக்குப் போனது என்று தடம் பிடித்து, அறிக்கையை வெளிப்படையாகவே வெளியிட்டார்கள். "மருத்துவமனைக்குப் போனால் நோய் வரும்" என்பவரிடம் "அப்படியெல்லாம் இல்லை" என்றால் அது பொய். "ஒரு இடத்தில் வந்தது, எப்படி வந்தது என்று கண்டுபிடித்தார்கள்" என்று சொல்லி, நீங்கள் அனுப்பும் மருத்துவமனையில் இப்போது என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள்.

கேட்டவற்றை அன்றே எழுதி வையுங்கள், பெயர் வேண்டாம். பிறகு எழுதப்போகும் அறிவிப்புக்கு இதுதான் அடிப்படை.

3. மூலத்தைப் பிடியுங்கள்

கேட்டாயிற்று. அடுத்து, அரசு உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே அரசு பல குரலில் பேசும். அதிபர் இரவில் தொலைக்காட்சியில் பேசுவார், இரண்டு நாள் கழித்து அமைச்சர் விளக்குவார், மாகாண முதல்வர் வேறொன்று சொல்வார், காவல்துறை தான் புரிந்துகொண்டபடி நடக்கும். இதில் சட்டம் என்பது அரசிதழில் வந்தது மட்டுமே.

ஒரு எடுத்துக்காட்டு போதும். 2020 ஏப்ரல் 23 அன்று, ஊரடங்கு மிகக் கடுமையான ஐந்தாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு இறங்கும்போது சிகரெட் விற்கலாம் என்று அதிபர் ராமபோசா அறிவித்தார். ஆறு நாள் கழித்து, 29ஆம் தேதி, தடை தொடரும் என்றார் அமைச்சர் தலாமினி-சூமா. அரசிதழில் வந்தது தடைதான். அதிபர் பேச்சைக் கேட்டு அன்றே "கடை திறக்கப்போகிறது" என்று செய்தி அனுப்பியவர்கள் அந்த வாரம் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தத் தடை ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நீடித்தது. பிறகு 2020 டிசம்பரில் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

பார்க்க வேண்டிய வரிசை இது. அதிபர் பேச்சைக் கேளுங்கள், குறிப்பெடுங்கள், அனுப்பாதீர்கள். அரசிதழ் வரும்வரை காத்திருங்கள். வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பகுதிக்கு, எந்தச் சட்டத்தின் கீழ். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அறிவித்த தேசியப் பேரிடர் நிலை மூன்று மாதத்தில் தானாகக் காலாவதியாகும். அதன்பின் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம்தான் நீட்டிக்கலாம், அதற்கும் அரசிதழ் வேண்டும். 2020 மார்ச் 15இல் தொடங்கியது அப்படி நீண்டு நீண்டு 2022 ஏப்ரலில்தான் முடிந்தது. ஆகவே "எதுவரை" என்ற கேள்விக்கு எப்போதும் ஒரு தேதி இருக்கும். அதை எழுதாமல் அறிவிப்பு அனுப்பக்கூடாது.

நோயைப் பற்றிய தகவலுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தின் பக்கம். எல்லோரும் என்.ஐ.சி.டி என்பது அதைத்தான். மருந்து, தடுப்பூசி அனுமதிக்கு சாப்ரா எனப்படும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம். செய்தித்தாளில் படித்தாலும் இந்த இரண்டில் ஒன்றில் உறுதி செய்யுங்கள். பேச்சுக்கும் அரசிதழுக்கும் நடுவில் யாராவது கேட்டால், "அதிபர் சொல்லியிருக்கிறார், விதி இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்கிறேன்" என்று பதில் சொல்லுங்கள்.

4. சட்டமா, அறிவுரையா, இன்னும் முடிவாகாததா?

மூலத்தை வாசித்த கையோடு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள்.

மீறினால் அபராதமோ சிறையோ உண்டு என்றால் சட்டம். செய்தால் நல்லது, செய்யாவிட்டால் தண்டனை இல்லை என்றால் அறிவுரை. ஆய்வு நடக்கிறது, அடுத்த மாதம் மாறலாம் என்றால் முடிவாகாதது. இந்த மூன்றையும் ஒரே குரலில் சொல்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, அரசும் பல தடவை அதையே செய்தது. 2020 ஏப்ரலில் கடைகளில் சூடான சமைத்த உணவு விற்கக்கூடாது என்று விதி வந்தது. மே மாதம் எந்தெந்தத் துணிகளை விற்கலாம் என்று நீளமான பட்டியல் வந்தது, அரைக்கைச் சட்டையை உள்ளே அணிய மட்டும் என்பது வரை. இவற்றுக்கு மக்களுக்கு விளங்கும் காரணம் சொல்லப்படவில்லை. காரணமில்லாத விதிகளைப் பார்த்துச் சலித்தவர்கள் முகக்கவசத்தையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

காரணம் உங்களுக்கே விளங்காத விதியாக இருந்தால், காரணத்தை நீங்களாகக் கற்பிக்காதீர்கள். "இது சட்டம், மீறினால் தண்டனை உண்டு. காரணம் என்னவென்று கேட்டிருக்கிறோம்" என்று எழுதுங்கள். கேட்டும் விடுங்கள். அந்த வழி பத்தாம் படியில்.

5. அறிவிப்பை எழுதுவது

சங்க ஆண்டுமலர்த் தமிழ் இங்கே உதவாது. "பொதுமக்கள் அனைவரும் தத்தம் இல்லங்களிலேயே தங்கியிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று எழுதினால் பாதியில் கண் மேயும். செய்தி ஒன்றுக்கு ஒரு விஷயம். முதல் வரியில் செய்ய வேண்டியது, அடுத்து யாருக்கு, எப்போதிலிருந்து எதுவரை, பிறகு காரணம், கடைசியில் கேள்விக்கு யாரை அழைப்பது.

2020 ஊரடங்கின் ஐந்தாம் நிலையில் சாவு வீட்டுக்கான விதியை இப்படி எழுதலாம்:

"சாவு வீடு: 50 பேருக்கு மேல் கூடக்கூடாது. இது சட்டம். இரவு முழுக்க உடலோடு விழித்திருக்கும் வழக்கமும் இப்போது கூடாது. இதுவும் சட்டம். வேறு மாகாணத்திலிருந்து வரவேண்டிய நெருங்கிய உறவினர் தம் ஊர்க் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ அனுமதிச் சீட்டு வாங்கி வரலாம். காரணம்: அடைத்த அறையில் பலர் பல மணி நேரம் சேர்ந்து அழுது பேசும்போது நோய் எளிதாகத் தொற்றுகிறது. வயதானவர்கள் முதலில் வந்து பார்த்துவிட்டுச் சீக்கிரம் கிளம்புவது நல்லது. இது அறிவுரை. இந்த விதி ஏப்ரல் இறுதி வரை. கேள்விக்கு..."

இதில் நான் விடாமல் வலியுறுத்துவது அனுமதிச் சீட்டு வரியை. தடையை மட்டும் சொல்லி, அதிலேயே இருக்கும் வழியைச் சொல்லாமல் விட்டால், கேப் டவுனில் இருக்கும் மகன் தாய்க்குக் கொள்ளி போட வராமல் போவான். அந்தக் குடும்பம் உங்களை மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது.

எழுதியதை நர்ஸம்மா ஒருமுறை, சட்டம் வாசித்தவர் ஒருமுறை பார்க்க வேண்டும். அதன்பின் தமிழ் மட்டும் வாசிக்கும் ஒருவரிடம் கொடுத்து, "இப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் அறிவிப்போடு பொருந்தவில்லை என்றால் எழுத்துத்தான் சரியில்லை, திருத்துங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

அனுப்பும் செய்தியின் தலையில் தேதி கட்டாயம். வாட்ஸ்அப்பில் செய்தி மாதக்கணக்கில் சுற்றும். தேதி இல்லாவிட்டால் ஜூலையில் போன விதி நவம்பரில் புதிதாக வந்தது போல வீட்டுக்குள் நுழையும். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரல்பதிவு, ஒன்றரை நிமிடத்துக்குள். அதிலும் முதல் வார்த்தையாகத் தேதியைச் சொல்லுங்கள்.

6. யார் வாயால் சொல்வது

ஒரே செய்தி, சொல்பவரைப் பொறுத்து ஏறும் அல்லது ஏறாது. கோயில் திருவிழா நிறுத்தத்தைக் குருக்கள் சொல்ல வேண்டும், சங்கச் செயலாளர் சொன்னால் அரசியலாகிவிடும். 2020இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 10இல், ஊரடங்கின் நடுவில் வந்தது. இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் நாட்களில் கூடும் கூட்டம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாளில் "வராதீர்கள்" என்று மட்டும் சொன்னால் அம்மன் கோபம் என்ன ஆகுமோ என்று மனசு பதைக்கும். நேர்த்திக்கடனை வீட்டிலேயே எப்படிச் செலுத்துவது, ஆடி மாதக் கஞ்சிப் பூசையை வீட்டு வாசலில் எப்படி முடிப்பது என்று குருக்கள் வாயால் வழி சொல்ல வைத்தால் கூட்டம் தானாகக் குறையும். அதற்கு அவரிடம் இரண்டு நாள் முன்பே போய் உட்கார்ந்து பேசுங்கள். கடைசி நேரத்தில் காகிதத்தை நீட்டினால் அவரும் வாசித்துவிட்டுப் போய்விடுவார்.

மருந்து பற்றி நர்ஸம்மாவோ மருந்துக்கடைக்காரரோ பேசட்டும். பதினாறாம் நாள் காரியத்தைச் சுருக்குவது பற்றி, அதே காலத்தில் தன் வீட்டுக் காரியத்தைச் சுருக்கிய ஒருவர் பேசட்டும். அரசியல் கட்சியில் பதவியில் இருப்பவர்களை இந்த வேலையின் முகமாக வைக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவரானாலும் தேர்தல் வரும்போது நீங்கள் சேர்த்த மதிப்பெல்லாம் கட்சிக் கணக்கில் போய்விடும்.

7. முடிவு மாறும்போது

இந்தப் படியில்தான் நம்பிக்கை உடையும் அல்லது உறுதிப்படும். ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி இந்தியாவிலிருந்து பத்து லட்சம் டோஸ் அஸ்ட்ராசெனெகா தடுப்பூசி வந்து இறங்கியது, அதிபரே விமான நிலையத்துக்குப் போய் வரவேற்றார். 7ஆம் தேதி அது நிறுத்தி வைக்கப்பட்டது. இங்கே பரவிய பீட்டா வகைக் கிருமியால் வரும் லேசான, நடுத்தர நோயை அது போதிய அளவு தடுக்கவில்லை என்று சுமார் 2,000 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. 17ஆம் தேதி ஜான்சன் தடுப்பூசியோடு மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 13இல் அதுவும் நின்றது. அமெரிக்காவில் மிக அரிதாக ரத்தம் உறைந்த நிகழ்வுகளைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதே மாதம் 28இல் மறுபடி தொடங்கியது.

இதை வீட்டில் இருந்து பார்த்த ஆயாவின் கேள்வி இப்படி வரும்: "போன வாரம் இந்த ஊசி நல்லதுன்னீங்க. இந்த வாரம் வேண்டாங்கிறீங்க. எதைப்பா நம்பறது?"

புதியவர் இங்கே மழுப்புவார், அல்லது பழைய செய்தியை அழித்துவிட்டுப் புதியதை அனுப்புவார். அழிக்கவே அழிக்காதீர்கள். ஆயா அதை ஏற்கெனவே நாலு பேருக்கு அனுப்பியிருப்பார். அழித்ததைப் பார்த்ததும் ஏதோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். சொல்ல வேண்டியது இப்படி:

"ஆயா, போன வாரம் கையில இருந்த தகவல் அது. அப்புறம் நம்ம நாட்டிலேயே பரிசோதனை முடிவு வந்துச்சு. இங்க இருக்கிற கிருமிக்கு அது லேசான நோயைச் சரியாத் தடுக்கலைன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டாங்க. நீங்க இன்னும் ஊசி போடலை, அதனால இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமில்லை. அறுபது தாண்டினவங்க முறை வரும்போது எந்த ஊசின்னு நானே வந்து சொல்றேன்."

இந்தப் பதிலில் நான்கு துண்டு இருக்கிறது: முன்பு என்ன சொன்னோம், எது மாறியது, யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள், இப்போது உங்களுக்கு என்ன. கடைசித் துண்டை மறப்பவர்கள்தான் அதிகம். மாற்றத்தைக் கேட்டவர் மனதில் முதலில் எழுவது "அப்ப எனக்கு என்ன ஆகும்?" என்பதே. அதற்குப் பதில் வராமல் அறிவியல் விளக்கம் காதில் விழாது.

திருத்தம் பழைய செய்தி போன அதே வழியில் போக வேண்டும். குரல்பதிவில் சொன்னதைக் குரல்பதிவில், கோயில் பலகையில் ஒட்டியதைக் கோயில் பலகையில். பழைய காகிதத்தைக் கிழிக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதை ஒட்டுங்கள். இரண்டும் தெரியட்டும்.

இன்னொன்று. மாறும் என்பதை முதல் நாளே சொல்லி வைத்தால் பாதிச் சுமை குறையும். நான்காம் படியில் "முடிவாகாதது" என்று குறித்தவை இதற்குத்தான்.

8. வதந்தி

வதந்தியை அப்படியே எடுத்துப் போட்டு "இது பொய்" என்று எழுதாதீர்கள். படிப்பவர் நினைவில் வதந்திதான் தங்கும். உண்மையை முதலில், ஒரே வரியில், மூலத்தோடு சொல்லுங்கள். அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் குழுவில் வைத்துத் திருத்தாமல் தனியே அழைத்துப் பேசுங்கள். நாலு பேர் முன்னால் மூக்குடைபட்டவர் அடுத்த தடவை உங்களுக்குத் தெரியாத குழுவில் அனுப்புவார். கொரோனா பற்றி ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் பரப்பினால் ஆறு மாதம் வரை சிறை என்று 2020இல் விதியே இருந்தது. அதைச் சொல்லி மிரட்டியதால் யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை. பெரிய அளவில் பரவும் பொய்யை ரியல்411 தளத்தில் புகார் செய்யலாம்.

ஒரு வகைச் செய்தியை மட்டும் பொறுக்கக் கூடாது. "அந்தப் பகுதி ஆட்களால்தான் நோய் வருகிறது" என்று இனத்தைச் சுட்டும் செய்தி. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் இந்திய, கறுப்பின அக்கம்பக்கத்து மக்களிடையே மோதல் வந்து உயிர்கள் போனதை நாம் பார்த்தோம். மருந்துக்கடைகள் சூறையாடப்பட்டுத் தடுப்பூசி மையங்கள் மூடியதும் அந்த வாரத்தில்தான். அப்படிப்பட்ட செய்தியை அனுப்புகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள், காரணத்தையும் குழுவிலேயே சொல்லுங்கள்.

9. பதிவும் ஊசியும்

2021இல் இணையத்தில் பதிவு செய்துவிட்டுக் குறுஞ்செய்திக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த தடவை முறை வேறாக இருக்கலாம், உதவும் விதம் ஒன்றே. அவர் போனில், அவர் கண்ணெதிரே, அவர் எண்ணைப் போட்டுப் பதியுங்கள். அடையாள அட்டையைப் படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊசி போட்டபின் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பக்கவிளைவைப் புகார் செய்ய சாப்ராவின் மெட் சேஃப்டி செயலி இருக்கிறது. கிளினிக் நர்ஸிடம் சொன்னால் அவரும் பதிவார். கொரோனாத் தடுப்பூசிக்கு, யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கோரும் திட்டத்தையும் 2021இல் அரசு கொண்டுவந்தது. புதிய தடுப்பூசி வந்தால் அதற்கும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள். எதுவும் ஆகாது என்று நீங்கள் உத்தரவாதம் கொடுக்காதீர்கள். ஆனால் என்ன வழி என்று காட்டுங்கள், அது போதும்.

10. கேள்வியை மேலே கொண்டு போவது

இதுவரை சொன்னதெல்லாம் அரசிடமிருந்து மக்களுக்கு. மக்கள் சொன்னது அரசுக்குப் போகாவிட்டால் இரண்டாம் அலையில் யாரும் உங்களுக்குக் கதவு திறக்க மாட்டார்கள். "போன தடவை கேட்டுட்டுப் போனீங்களே, என்ன ஆச்சு?" என்பார்கள்.

முதல் இடம் கிளினிக் கமிட்டி. தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி கிளினிக்குகளுக்குக் கமிட்டி வேண்டும், அதில் கவுன்சிலரும் ஊர்மக்களும் கிளினிக் தலைவரும் இருக்க வேண்டும். உங்கள் பகுதி கிளினிக்கில் கமிட்டி கூடுகிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். கூடவில்லை என்றால் அதையே முதல் புகாராக எழுதிக் கொடுங்கள். வரிசை, நேரம், மொழி, மருந்துத் தட்டுப்பாடு போன்ற சிக்கல்கள் பெரும்பாலும் இந்த மட்டத்திலேயே தீரும்.

காகிதம் வேண்டுமென்றால், அதாவது கணக்கு, ஒப்பந்தம், ஒரு முடிவின் காரணம் போன்றவை, தகவல் பெறும் சட்டமான பையாவைப் பயன்படுத்துங்கள். இரண்டாம் எண் படிவத்தை நிரப்பி அந்தத் துறையின் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். "எல்லா விவரமும் தருக" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் மறுப்பார்கள். எந்தக் காகிதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று குறிப்பாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதையே மறுப்பாக எடுத்துக்கொண்டு, தேசிய அல்லது மாகாணத் துறையென்றால் 60 நாளுக்குள் உள்மேல்முறையீடு, அதிலும் கிடைக்காவிட்டால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார். அனுப்பிய தேதியையும் அத்தாட்சியையும் பத்திரமாக வையுங்கள். அவை தொலைந்தால் மேல்முறையீடு நிற்காது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அரசு தடுப்பூசி நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்களை ஹெல்த் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு இதே சட்டப்படி கேட்டது. சுகாதாரத் துறை மறுத்தது. வழக்குப் போய், 2023 ஆகஸ்ட் 17இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் பத்து வேலை நாளில் கொடுக்கச் சொன்னது. ஜான்சன் டோஸ் ஒன்றுக்கு ஐரோப்பா 8.50 டாலர் கொடுத்தபோது நாம் 10 டாலர் கொடுத்தோம் என்பது அப்படித்தான் வெளியே வந்தது.

பதில் வந்ததும் மாதக் கூட்டத்தில் முழுதாக வாசியுங்கள். "அப்படி ஒரு பதிவேடு எங்களிடம் இல்லை" என்று ஒற்றை வரியில் வந்தாலும் அந்த வரியையே, துறையின் பெயரோடும் தேதியோடும், தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்டவர் அன்று வரவில்லை என்றால் ஒரு நகலை அவர் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுங்கள்.